முருங்கையிலை மேல் போட்ட பழி

என் கணவருடைய தமையனுக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. பனி எப்போது கொட்டும், வீட்டுக் கடன் வட்டி எப்போது குறையும், பாப்பரசர் அடுத்து எந்த நாட்டுக்குப் போவார், எல்லாவற்றையும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். சொன்னது நடக்காமல் போனால் அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். என் கணவர் வீட்டார் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு ஒன்றைச் சேர்ந்தவர்கள்; கனடாவில் அந்தத் தீவுச் சங்கத்துக்குத் தமையன்தான் தலைவர். கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல் வைத்து, ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போட்டு, ஒலிவாங்கியைக் கையில் பிடித்தாரென்றால் மழை வந்தால்தான் கீழே வைப்பார். இப்படிப்பட்டவருடைய தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றால், வைத்தியர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

தம்பி என்பவர் என் கணவர். நீரிழிவு பல வருடமாக அரித்து, கடைசியில் சிறுநீரகத்தைக் கொண்டுபோய்விட்டது. ஒன்றுவிட்ட ஒருநாள் டயாலிசிஸுக்குப் போய் மெஷினோடு நாலு மணித்தியாலம் படுத்திருந்துவிட்டு, பிழிந்த துணியாக வீட்டுக்கு வருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவரைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று அவர் வாயைத் திறந்தால், பின்வாசலில் போன் பார்த்துக்கொண்டு நிற்கிற இளசுகள்கூட உள்ளே எட்டிப்பார்ப்பார்கள். பெரிய வெள்ளியன்று அவர் பாடுகிற ஒப்பாரிப் பாட்டைக் கேட்பதற்கென்றே பக்கத்து மார்க்கம் நகரத்திலிருந்து கார் பிடித்து வருகிற சனம் இருக்கிறது. கேட்டு அழுதுவிட்டுத்தான் போவார்கள்.

பாட்டுத்தான் அப்படி. பேச்சு என்று வந்தால் அவருக்கு நாக்கு எழும்பாது. தமையன் முன்னால் அறவே எழும்பாது. தமையன் பகலை இரவு என்றால் இவர் எழுந்துபோய் லைட்டைப் போடுவார்.

பொஸ்பரஸ் என்ற சொல்லை அதுவரை நான் தீப்பெட்டியோடு மட்டும்தான் சேர்த்து வைத்திருந்தேன். அது சாப்பாட்டிலும் இருக்கிறது, சிறுநீரகம் கெட்டுப்போனால் வெளியே போகாமல் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது, மெஷினாலும் அதை முழுக்க இழுத்தெடுக்க முடியாது என்பதெல்லாம் இவருக்கு வருத்தம் வந்த பிறகு படித்த பாடம். அது கூடினால் உடம்பு முழுக்க அரிப்பெடுத்துக் கடிக்கும். இவர் சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து எங்கள் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் மங்கிவிட்டது. எலும்பும் பழுதாகும். அதோடு கழுத்துக்குள் இருக்கிற சின்னச் சுரப்பிகள் பெருக்கத் தொடங்கும்.

இவருக்குப் பெருத்துவிட்டன. வைத்தியர் படம் கீறிக் காட்டினார். இன்னும் சில மாதத்தில் பொஸ்பரஸ் இறங்காவிட்டால் கழுத்தை வெட்டி அந்தச் சுரப்பிகளை எடுக்க வேண்டி வரலாம் என்றார். குரலுக்குப் போகிற நரம்பு அதற்குப் பக்கத்தில்தான் ஓடுகிறதாம். அநேகமாக ஒன்றும் நடக்காது, ஆனால் சிலருக்குக் குரல் கம்மிப்போகும், அதை முதலே சொல்லிவைப்பது தன் கடமை என்றார். இவர் பாடுகிறவர் என்பது அவருக்குத் தெரியாது. இவரும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை காருக்குள் ஒரு கையால் தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.  அந்தக் குரலும் போய்விட்டால் இந்த மனுசனிடம் மிச்சம் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அடுத்தநாளே தமையன் ஸ்காபரோவில் மல்வேர்ன் பக்கத்திலிருந்து எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டுக்கு வந்து இறங்கிவிட்டார். வரும்போதே போனில் எதையோ திறந்து வைத்திருந்தார். எங்கேயோ ஒரு சமுத்திரத்தில் இருக்கிற ஒரு குட்டித் தீவு நாடு. அங்கேயுள்ள சனத்துக்கு மரக்கறியிலிருந்து எவ்வளவு பொஸ்பரஸ் கிடைக்கிறது என்று ஏதோ எழுதியிருந்தது. அந்தத் தீவு எங்கே இருக்கிறது, அந்தச் சனம் என்ன தின்கிறது, இவர் பார்க்கவில்லை. தீவு என்று இருந்தது, இவருக்கு அது போதும். தீவுச்சனத்துக்கு இது ஒரு வியாதி. உலகத்தில் எந்த மூலையில் தீவு என்று ஒரு சொல் கேட்டாலும் அது தங்களைப் பற்றித்தான் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

“எங்கட தீவு மண் முழுக்கச் சுண்ணாம்பு. அந்த மரக்கறி முழுக்கப் பொஸ்பரஸ்தான். சின்னனிலையிருந்து திண்டு திண்டு இவன்ர உடம்பில ஊறிப்போச்சு” என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று அவரையே பார்த்தேன். இவர்களுடைய தீவில் குடிக்கவே நல்ல தண்ணீர் கிடையாது. கிணற்றில் அள்ளினால் வாய் உவர்க்கும். கத்தரிக்காயும் வாழைக்காயும் யாழ்ப்பாணத்திலிருந்து லோஞ்சுப் படகில்தான் வந்து இறங்கும். கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. இவர்கள் வீட்டில் காலையில் மீன், மத்தியானம் மீன், இரவு காலையில் மிஞ்சின மீன். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்று அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூட மீன். மரக்கறி என்பது வயிற்றோட்டம் வந்தவனுக்குக் கொடுக்கிற பத்தியம். இந்த வீட்டுப் பிள்ளைக்கு மரக்கறி தின்று உடம்பில் ஊறிவிட்டதாம்.

பிறகுதான் விஷயம் எங்கே போகிறது என்று எனக்கு விளங்கியது. இவருக்கு மரக்கறி தின்னப் பழக்கியது நான். நான் தீவாள் இல்லை, யாழ்ப்பாணப் பக்கம். முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுக்கிற வறை என்றால் எனக்கு உயிர். இங்கே பிளாசாவில் தமிழ்க்கடைக்குக் கட்டுக்கட்டாக வரும்; வேலை முடிந்து வருகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வாங்கிக்கொண்டு வருவேன். கலியாணம் செய்த புதிதில் இதென்ன ஆட்டுக்குப் போடுகிற குழையா என்று கேட்டவர், பிறகு வறை இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். இப்போது அந்த வறைதான் குற்றவாளி. வறை குற்றவாளி என்றால் அதைச் சமைத்தவள்?

“பிள்ளை, நான் குறை சொல்லேல்லை. ஆனா நீர்தான் இவனுக்கு முருங்கையிலையைக் குடுத்துக் குடுத்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தது” என்றார் தமையன்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கார் டயர் விளம்பரத்தை ஒரு மனிதன் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. 

அன்றைக்கே, கூட வந்திருந்த தமையனின் மனைவி என்னுடைய பிரிட்ஜைத் திறந்து முருங்கை, பயற்றங்காய், பூசணித்துண்டு எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டினாள். குப்பையில் போடுகிறேன் என்றுதான் கொண்டுபோனாள். குப்பைக்குப் போகிற பைக்குள் யாராவது இலை நசியாமல் பார்த்துப் பார்த்து வைப்பார்களா? சரி, தின்றால் தின்னட்டும். சொந்தக்காரர் வாட்ஸப் குழுவில் பெரிய எழுத்தில் அறிவித்தல் போனது: தம்பிக்கு இனி மரக்கறி கொடுக்கக்கூடாது.

அதன் பிறகு வந்ததுதான் கூத்து. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவது எங்கள் சனத்தில் மரியாதை இல்லை. பழம் கொடுக்கக்கூடாது, பொட்டாசியம் என்று முதலே எல்லோருக்கும் தெரியும். இப்போது மரக்கறியும் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது? ரோல்ஸ், பற்றிஸ், கட்லட். பிளாசாவிலிருந்து எண்ணெய் ஊறின அட்டைப்பெட்டி ஒவ்வொரு பின்னேரமும் எலிவேட்டரில் ஏறி வந்தது. அதோடு பெரிய போத்தல் கோலா. பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் வந்தால் சீஸ் சான்விச். தவக்காலம் தொடங்கியதும் இறைச்சி கூடாதாம், கடையில் பொரித்த இறால். தவம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். எல்லோரும் வட்டமாக இருந்து, மரக்கறி எவ்வளவு பொல்லாதது என்று பேசிக்கொண்டு, அந்தப் பெட்டியை முடித்துவிட்டுப் போவார்கள். வந்தவர்கள் சாப்பிடும்போது தான் சாப்பிடாமல் இருந்தால் குறை நினைப்பார்கள் என்று இவரும் சேர்ந்து சாப்பிடுவார். நான் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை முடிந்து வரும்போது, மிச்சம் மேசையில் இருக்கும், சனம் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொஸ்பரஸ் இன்னும் ஏறியிருந்தது. வீட்டில் ஒரு பச்சை இலை கிடையாது, அப்படியும் ஏறியிருந்தது. தமையனிடம் விளக்கம் இருந்தது: பழைய மரக்கறி எலும்புக்குள் ஒளித்திருந்து இப்போதுதான் வெளியே வருகிறதாம். வைத்தியர் சத்திரசிகிச்சைக்காரரிடம் திகதி கேட்கப்போவதாகச் சொன்னார். அதற்கு முன் ஒருமுறை டயட்டீசியனைப் பார்க்கச் சொன்னார். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

டயட்டீசியன் இங்கே பிறந்த எங்கள் சனத்துப் பிள்ளை. தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி. மருந்துக் குளிசை ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டாள். சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி ஒரு குளிசை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டில் இருக்கிற பொஸ்பரஸை வயிற்றுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிற குளிசை. இவர் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை என்றார். அது உண்மை. மத்தியானச் சோற்றுக்கு ஒன்று, இரவுச் சோற்றுக்கு ஒன்று. இடையில் வேறு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். இவர் ஒன்றுமில்லை, சும்மா தேத்தண்ணி மட்டும் என்றார். கண்ணிலே ஒரு கள்ளமும் இல்லை.

எனக்கு முதல்நாள் பின்னேரம் ஞாபகம் வந்தது. கோயில் அன்ரி ஒருவர் வந்திருந்தார். இவருக்கு முன்னால் பிளேட்டில் ரோல்ஸ் மூன்று, பற்றிஸ் ஒன்று, பக்கத்தில் கோலா. நான் உள்ளே வரும்போது பிளேட் காலி. எழும்பிப் போகும்போது அன்ரி, சாப்பிட்டாச்சோ என்று கேட்டார். இன்னும் சாப்பிடவில்லை, இவ வந்துதான் சோறு போடவேண்டும் என்று இவர் சொன்னார். அன்ரியும் பாவம் பசியோடு இருக்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குச் சோறு தின்றால்தான் சாப்பாடு. தேத்தண்ணியோடு உள்ளே போவதற்கு ஒரு கணக்கும் கிடையாது. மாட்டை உரித்து ரோல்ஸுக்குள் வைத்துக் கொடுத்தாலும் அது தேத்தண்ணிதான்.

“தங்கச்சி, இவர் தேத்தண்ணியோட ஒவ்வொரு நாளும் மூண்டு நாலு ரோல்ஸ் சாப்பிடுறவர். கோலாவும் குடிக்கிறவர்” என்றேன்.

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தது. “அங்கிள், அதுக்கு பில்ஸ் எடுக்கிறீங்களா?”

“அதுக்கேன் குளிசை?” என்றார் இவர். “அது சாப்பாடில்லையே.”

அவள் சிரிக்கவில்லை. நானென்றால் சிரித்திருப்பேன், எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்தது. அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். கோலாவிலும் சீஸிலும் கடையில் பதப்படுத்தி விற்கிற இறைச்சியிலும் கெடாமல் இருக்கவும் ருசிக்கவும் பொஸ்பரஸைச் சேர்த்துவிடுகிறார்கள், அது கிட்டத்தட்ட முழுதாக இரத்தத்துக்குள் போய்விடும் என்றாள். இலையிலும் பருப்பிலும் இருப்பதில் ஒரு பங்கைத்தான் உடம்பு எடுக்கும் என்றாள். முருங்கையிலை கூடாதா என்று நான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருக்கும். பொட்டாசியத்துக்காக நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, கிழமையில் ஒருநாள் இரண்டு நாள் அளவாகக் கொடுங்கள், பிரச்சினை முருங்கை இல்லை என்றாள்.

வருகிற வழியில் இவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இதை உங்கள் தமையனுக்கு நீங்களே சொல்லுங்கள் என்றேன். பிறகு சொல்லுவம் என்றார். அவருடைய பிறகு எனக்குத் தெரியும். எங்கள் கலியாண வாழ்க்கையில் பாதி அந்தப் பிறகுக்குள் போயிருக்கிறது.

நான் அன்றிலிருந்து வீட்டில் சட்டத்தை மாற்றினேன். தேத்தண்ணித் தட்டில் சீனிப்போத்தலுக்குப் பக்கத்தில் குளிசைப்போத்தலும் வந்தது. வந்தவர்கள் முன்னால் குளிசை போட இவருக்கு வெட்கம். வெட்கப்படுகிறவர் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றேன். ரோல்ஸ் பெட்டி கொண்டுவந்தவர்களிடம் வாசலிலேயே நன்றி சொல்லி, போகும்போது அதே பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினேன். கோலாப் போத்தலை அவர்கள் கண்முன்னே சிங்கில் ஊற்றினேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் கீழ் மாடிப் பெண் ஒருத்தியை வீட்டில் வந்து இருந்து வாசலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்காபரோ முழுக்க என் பெயர் நாறியது. நோயாளிக்குக் கொண்டுபோன பொருளைத் திருப்பித் தருகிறாளாம், புருசனுக்கு வாய்க்கு ருசியாக ஒன்றும் கொடுக்காமல் வாட்டுகிறாளாம். பார்க்க வருகிற சனம் பாதியாகக் குறைந்தது. நோயாளியைப் பார்க்கவா ரோல்ஸைப் பார்க்கவா வந்தார்கள் என்று அப்போது தெரிந்தது. கிழமையில் இரண்டு நாள் முருங்கையிலையை அவித்துப் பிழிந்து, தேங்காய்ப்பூ கொஞ்சமாகப் போட்டு வறுத்துக் கொடுத்தேன். இவர் பிளேட்டை வழித்துச் சாப்பிட்டார். தமையன் வருகிற நாளில் சட்டியை அடுப்புக்குப் பின்னால் தள்ளி மூடிவைத்தவரும் இவர்தான்.

பெரிய வெள்ளிக்கு முன் வந்த பரிசோதனையில் பொஸ்பரஸ் இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. கழுத்துச் சத்திரசிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை, இப்படியே தொடருங்கள் என்று வைத்தியர் சொன்னார். கடியும் குறைந்து இவர் சுவரை விட்டிருந்தார். கார் தரிப்பிடத்தில் நின்று மெதுவாக ஒரு வரி பாடிப் பார்த்தார். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

அன்று பின்னேரமே தமையன் வந்தார். கூடவே சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார். “பாத்தியளோ, டொக்டர்மாருக்கே பிடிபடேல்லை. மரக்கறியை நிப்பாட்டினது, விழுந்துது. நான் அண்டைக்கே சொன்னனான்” என்று வந்தவர்களுக்குச் சொன்னார். அடுத்த ஒன்றுகூடலில் இதைப்பற்றி எல்லோருக்கும் பேசப்போவதாகவும் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, “என்னடா தம்பி, சரியோ?” என்றார்.

நான் குசினி வாசலில் நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தமையனைப் பார்த்தார்.

“ஓம் அண்ணை” என்றார்.

அவ்வளவுதான். நான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தேன். யார் யாரோ என்னை விஷம் கொடுத்தவள் என்று சொன்னபோது வராத வலி அந்த ஓமில் வந்தது. ஊருக்கெல்லாம் பாடி அழவைக்கிற குரல் அது. அதைக் காப்பாற்றுவதற்காக ஒரு நகரத்துச் சனத்தையே நான் பகைத்துக்கொண்டேன். எனக்காக ஒரு சொல் சொல்ல அதற்கு வரவில்லை.  பெரிய வெள்ளியன்று கோயிலில் அவர் ஒப்பாரி பாடினார். முன்னைவிட நன்றாகப் பாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைச் சுற்றிச் சனம் மூக்கைச் சிந்தியது. நான் கற்சிலையாக இருந்தேன்.

பாஸ்குத் திருநாள் முடிந்த கிழமை நான் வறை சமைக்கவில்லை. சோறும் கோழிக்கறியும் வைத்தேன். அடுத்தநாளும் அதுதான், அதற்கடுத்த நாளும் அதுதான். நாலாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “என்ன, கடையில முருங்கை வரேல்லையோ?” என்று கேட்டார்.

“கடையில கிடக்கு. மரக்கறியை விட்டதாலதான் சுகம் வந்தது எண்டு நீங்கள்தானே அண்ணைக்குச் சொன்னீங்கள். பிறகென்னத்துக்கு வறை?” என்றேன்.

அவர் கோழிக்கறியை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார். எழும்பிக் கையைக் கழுவினார். பிறகு சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தமையனைக் கூப்பிட்டார். நான் குசினியில் இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் மகளின் புதுக் கார் பற்றி, ஒன்றுகூடலுக்குப் பூங்கா எடுத்தது பற்றித் தமையன்தான் பேசிக்கொண்டு போனார். வழக்கம்போல இவர் ம் கொட்டிக்கொண்டு இருந்துவிட்டு வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அண்ணை, ஒரு நிமிசம்” என்றார் இவர். “மரக்கறியை விட்டதால எனக்குக் குறையேல்லை. நான் முருங்கையிலை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தனான். ரோல்ஸையும் கோலாவையும் நிப்பாட்டினதாலயும் குளிசையை ஒழுங்கா எடுத்ததாலயும்தான் குறைஞ்சது.”

 தமையன் தொண்டையைச் செருமினார். “அப்ப அது வேற இடத்து முருங்கையா இருக்கும். எங்கட தீவு முருங்கை எண்டால் விட்டிருக்காது” என்றார். அதோடு விடவில்லை. “ஆர் உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது? அவவே?”

“ஓம், அவதான் என்னைக் காப்பாத்தினது” என்றார் இவர். “ஆனா இதை இப்ப சொல்லச் சொல்லி அவ சொல்லேல்லை. நான் சொல்லுறன்.”

குரல் நடுங்கியது. பாடும்போது ஒருநாளும் நடுங்காத குரல். தமையன் ஏதோ சொல்லத் தொடங்க, பிறகு எடுக்கிறேன் என்று இவரே போனை வைத்துவிட்டார். அவர் பாடி எத்தனையோ பேர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். நான் அழுதது அன்றைக்குத்தான்.